என்.டி.ஏ. கணக்குத் தாளைத் தமிழிலும் அச்சிடுங்கள்: யு.பி.எஸ்.சி.க்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
தலைவர், உறுப்பினர்கள்,
மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையம், புதுதில்லி.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

இந்த மடலை இந்தியிலோ ஆங்கிலத்திலோ எழுதியிருக்கலாம். பட்டாளத்தில் இருந்தவனுக்கு இரண்டும் ஓரளவு வரும். தமிழில் எழுதக் காரணம், தங்கள் ஆணையத்தில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் உண்டு என்பதுதான். ஆட்சிப் பணி முதன்மைத் தேர்வின் விடைகளை 1979 முதல் அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணை மொழிகளில் எழுதலாம். வினாத்தாள் அங்கேயும் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான்; ஆனால் தமிழில் எழுதிய விடைத்தாளை வாங்கித் திருத்தி, எழுதியவரைக் கலெக்டராக அனுப்பி வைக்கிறீர்கள். அந்தத் துணிச்சலில் எழுதுகிறேன்.

கேட்பது ஒன்றே ஒன்று. முப்படை அதிகாரிகளை உருவாக்கும் தேசியப் பாதுகாப்பு அகாடமி (என்.டி.ஏ.), கடற்படை அகாடமி நுழைவுத் தேர்வின் கணக்குத் தாளும், பொது அறிவுத் தாளின் இரண்டாம் பகுதியும் இன்று ஆங்கிலத்திலும் இந்தியிலும் அச்சாகின்றன. அவை தமிழிலும் அச்சாக வேண்டும். ஆங்கில அறிவைச் சோதிக்கும் 200 மதிப்பெண் பகுதியைத் தொட வேண்டாம், அது அப்படியே இருக்கட்டும்.

நான் ராணுவ சிக்னல்ஸ் பிரிவில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது கன்னியாகுமரி மாவட்டம் கல்குளம் வட்டத்தில், சாயங்கால நேரத்தில் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்கும் கணினி அறிவியலும் சொல்லிக்கொடுக்கிறேன். கட்டணம் கிடையாது. வருகிறவர்கள் பெரும்பாலும் அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகள். அப்பா ரப்பர் பால் வெட்டப் போவார், அம்மா அண்டியாபீசில் (முந்திரி ஆலையில்) இருப்பார், அல்லது வீடு கடற்கரையில் இருக்கும். தமிழ்வழிதான் படிக்கிறார்கள். அதில் அவர்களுக்கோ எனக்கோ ஒரு குறையும் தெரிவதில்லை, என்.டி.ஏ. வினாத்தாளைக் கையில் எடுக்கும் வரை.

'பட்டாளத்துக்குப் போறவனுக்கு எதுக்குலே கம்ப்யூட்டரு?' என்று எங்கள் ஊரில் இன்னும் கேட்கிறார்கள். இது தங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை என்றாலும், இந்த மடலை எங்கள் ஊர்க்காரர்களும் படிப்பார்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன். புனேக்குப் பக்கத்தில் கடக்வாஸ்லாவில் இருக்கும் அகாடமி வெறும் கவாத்து மைதானம் அல்ல. அங்கே மூன்று வருடம், ஆறு பருவம். காலையில் உடற்பயிற்சியும் டிரில்லும் முடித்து, அணி அணியாய் சைக்கிளில் வகுப்புக்குப் போவார்கள். முடித்து வரும்போது ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகப் பட்டம் கையில் இருக்கும்: பி.ஏ., பி.எஸ்ஸி., அல்லது பி.எஸ்ஸி. கணினி அறிவியல். கடற்படைக்கும் விமானப்படைக்கும் போகிறவர்களுக்கு பி.டெக். வழியும் உண்டு. தங்குமிடம், சாப்பாடு, புத்தகம், சீருடை, மருத்துவம் எல்லாம் அரசின் செலவு. வீட்டிலிருந்து கைச்செலவுக்கு மட்டும் பணம் அனுப்ப வேண்டும். தரைப்படை கேடட் அதன் பிறகு டேராடூனில் ஒரு வருடம் பயிற்சி எடுப்பார், அப்போதே மாதம் 56,100 ரூபாய் உதவித்தொகை வரும். தேர்வுக் கட்டணம் நூறு ரூபாய். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளைகளுக்கும் அதுவும் இல்லை. கணினி அறிவியல் படிப்புக்காகக் கடன் வாங்கித் தனியார் கல்லூரி வாசலில் நிற்கும் ஒரு குடும்பத்துக்கு இந்தக் கணக்கு புரியாமல் போகாது.

அங்கே கணினி அறிவியல் படித்த கேடட்டுகள் எல்லாரும் எங்கள் சிக்னல்ஸுக்கு வந்துவிடுவதில்லை. காலாட்படைக்குப் போவார்கள், பீரங்கிப் படைக்குப் போவார்கள். முன்பு அது எனக்கு வீணாகத் தோன்றும். இப்போது தோன்றுவதில்லை. டிரோன் இல்லாத படைப்பிரிவு இனி இருக்காது. வரைபடம், இலக்கு, வானிலை, சரக்கு இருப்பு எல்லாம் திரையில்தான் வருகின்றன. அந்தத் திரை பொய் சொல்கிறதா, எதிரி உள்ளே புகுந்துவிட்டானா என்று சந்தேகப்படத் தெரிந்த ஒரு கேப்டன் களத்தில் இருப்பது நூறு கருவிக்குச் சமம். முப்படைக்கும் பொதுவாகப் பாதுகாப்பு சைபர் முகமை ஒன்றும் இயங்குகிறது. அமெரிக்காவில் அன்னாபொலிஸ் கடற்படை அகாடமி 2013இல் சைபர் இயக்கங்களுக்கென்றே தனிப் பட்டப்படிப்பைத் தொடங்கியது. அதற்குக் கட்டிய கட்டடத்துக்கு வைத்த பெயர் ஹாப்பர் ஹால். கிரேஸ் ஹாப்பர் கணினி நிரல் எழுதியவர், நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலருக்கு வழி திறந்தவர், கடற்படையில் ரியர் அட்மிரல் வரை உயர்ந்த பெண். கடக்வாஸ்லாவிலும் முதல் பெண் அணி 2025 மே 30 அன்று அணிவகுத்து வெளியே வந்தது, பதினேழு பேர். எங்கள் வகுப்பில் இந்தச் செய்தி படித்த அன்று சில பெண் பிள்ளைகள் உட்கார்ந்திருந்த விதமே மாறிவிட்டது.

இனி தாளுக்கு வருகிறேன்.

கணக்குத் தாளில் 120 வினாக்கள், 300 மதிப்பெண், இரண்டரை மணி நேரம். ஒரு வினாவுக்கு எழுபத்தைந்து நொடி. சரியான விடைக்கு இரண்டரை மதிப்பெண். தவறானால் அதில் மூன்றில் ஒரு பங்கு வெட்டு. பாடத்திட்டத்தை வரிக்கு வரி தமிழ்நாட்டுப் பாடநூலோடு வைத்துப் பார்த்திருக்கிறேன். கணங்கள், அணிகள், அணிக்கோவைகள், முக்கோணவியல், பகுமுறை வடிவியல், வகையீடு, தொகையீடு, வெக்டர், புள்ளியியல், நிகழ்தகவு. இவற்றில் எதுவும் எங்கள் பிள்ளைகளுக்கு அந்நியம் இல்லை. இரும எண் முறைகூட இருக்கிறது. அதை எங்கள் பிள்ளைகள் பிளஸ் ஒன் கணினி அறிவியல் பாடத்தில் படிக்கிறார்கள். 101101 என்று கரும்பலகையில் எழுதினால், நான் சுண்ணக்கட்டியைக் கீழே வைக்கும் முன் '45' என்று குரல் வரும்.

அதே பிள்ளையிடம் ஆங்கிலத்தில் நான்கு வரி நீளும் ஒரு நிகழ்தகவு வினாவைக் கொடுத்தால் நிலைமை வேறு. பையில் எத்தனை பந்து, எடுத்ததைத் திருப்பிப் போட்டார்களா இல்லையா, 'குறைந்தது இரண்டு' என்றார்களா 'அதிகபட்சம் இரண்டு' என்றார்களா, இதையெல்லாம் பிரித்தெடுக்கவே நேரம் ஓடும். ஒரு வினாவுக்கு இருபது நொடி கூடுதலாகப் போகிறது என்று வையுங்கள். 120 வினாவுக்கு நாற்பது நிமிடம். இரண்டரை மணி நேரத் தேர்வை ஒருத்தி ஒரு மணி ஐம்பது நிமிடத்தில் எழுதுகிறாள். பக்கத்து மேசையில் இந்தி வழியில் படித்து வந்தவர் தன் மொழியில் வினாவைப் படித்து முழு நேரமும் எழுதுகிறார். அவர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவருக்குக் கிடைத்தது நியாயம்தான். அந்த நியாயம் இந்தப் பக்கத்து மேசைக்கும் வரவேண்டும் என்கிறேன். 300 மதிப்பெண்ணில் தாங்கள் அளக்க நினைப்பது கணக்கு. ஆங்கிலத்தை அளக்கத்தான் தனியாக 200 மதிப்பெண் வைத்திருக்கிறீர்களே.

'அகாடமியில் பாடம் ஆங்கிலத்தில்தானே நடக்கிறது, நுழையும்போதே தெரியாவிட்டால் உள்ளே எப்படிச் சமாளிப்பார்கள்?' என்று யாராவது கேட்பார்கள். நியாயமான கேள்வி. இந்தியில் தேர்வெழுதி உள்ளே வந்த கேடட்டுக்கும் அதே கேள்வி பொருந்தும். அவர் சமாளிக்கிறார், மூன்று வருடம் அதற்குத்தான் இருக்கிறது. கணினி அறிவியலைப் பொறுத்தவரை எங்கள் பிள்ளைகளின் நிலை இன்னும் நல்லது. தமிழ்வழி மாணவர் பிளஸ் ஒன்னில் சி பிளஸ் பிளஸ், பிளஸ் டூவில் பைத்தான் படிக்கிறார். விளக்கம் தமிழில், நிரல் ஆங்கில எழுத்தில். இஃப், எல்ஸ், வைல் என்று அவர்கள் கை இரண்டு வருடமாகத் தட்டிப் பழகியிருக்கிறது. முதல் பருவத்தில் கொஞ்சம் திணறுவார்கள். மூன்றாம் பருவத்தில் யார் எந்த வழியில் படித்து வந்தவர் என்று ஆசிரியருக்கே மறந்து போயிருக்கும். என் பணிக்காலத்தில் ஒரு வார்த்தை இந்தி தெரியாமல் ரயில் ஏறிய கடற்கரைப் பையன்கள் இரண்டு வருடத்தில் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து இந்தியில் சண்டை போட்டதைப் பார்த்திருக்கிறேன். தேவை வந்தால் மொழி வந்துவிடும்.

ராணுவமே இதை ஒத்துக்கொண்ட இடங்களும் உண்டு. தரைப்படையின் பிளஸ் டூ தொழில்நுட்ப நுழைவுக்கும், கேரளத்தில் எழிமலையில் இருக்கும் கடற்படை அகாடமியின் பி.டெக். நுழைவுக்கும் இப்போது ஜே.இ.இ. மெயின் என்ற பொறியியல் நுழைவுத் தேர்வின் மதிப்பெண்ணை வைத்துத்தான் ஆட்களை அழைக்கிறார்கள். ஜே.இ.இ. மெயின் தேர்வைத் தமிழ் உட்பட 13 மொழிகளில் எழுதலாம். அதாவது தமிழில் கணக்குப் போட்ட ஒரு பெண்ணோ பையனோ எழிமலைக்குப் போய் பொறியியல் படித்துக் கடற்படை அதிகாரி ஆகலாம். அதே எழிமலைக்குத் தங்கள் தேர்வு வழியாகப் போக நினைத்தால் தமிழ் ஆகாது. இதற்கு என்ன காரணம் என்று எங்கள் வகுப்பில் ஒருத்தி கேட்டாள். சர்வீசில் இருந்தபோது எந்த அதிகாரி கேட்ட கேள்விக்கும் ஏதாவது ஒரு பதில் சொல்லித் தப்பித்திருக்கிறேன். இதற்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

கீழ்மட்டத்தில் கதவு ஏற்கெனவே திறந்துவிட்டது. மத்திய ஆயுதக் காவல் படைகளின் காவலர் தேர்வு 2024 முதல் தமிழிலும் நடக்கிறது. 2025இல் அக்னிவீர் எழுத்துத் தேர்வையும் 13 மொழிகளில் நடத்தினார்கள். நல்லது, வரவேற்கிறேன். ஆனால் இதை எங்கள் பிள்ளைகள் எப்படிப் படிக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். துப்பாக்கி தூக்கத் தமிழ் போதும், உத்தரவு போடத் தமிழ் போதாது என்று படிக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் பட்டாளத்துக்குப் போனவர்கள் பலர், அதிகாரியாகப் போனவர்கள் மிகக் குறைவு. காரணங்கள் பல; பெரும்பங்கு எங்கள் பக்கத்து அறியாமை. தங்கள் தாளும் அந்தக் காரணங்களில் ஒன்று.

'ராணுவத்தில் தமிழுக்கு என்ன வேலை?' என்று கேட்பவருக்கு மதராஸ் ரெஜிமென்ட்டைக் காட்டுவேன். 1758இல் தொடங்கும் வரலாறு அதற்கு. அதன் போர்முழக்கம் 'வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு'. எந்த மாநிலத்து அதிகாரி அங்கே போனாலும் அதைத்தான் முழங்குவார், வீரர்களோடு பேச அவர்கள் மொழியையும் கற்றுக்கொள்வார். இன்னும் பழைய சாட்சி வேண்டுமென்றால் எங்கள் மாவட்டத்துக்கே வரலாம். 1741இல் குளச்சலில் டச்சுக்காரர்கள் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றார்கள். பிடிபட்ட டி லனாய் பிறகு அதே மன்னரிடம் வேலைக்குச் சேர்ந்து, புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டையில் திருவிதாங்கூர்ப் படைக்கு ஐரோப்பிய முறையில் பயிற்சி கொடுத்தார். அங்கே பீரங்கி வார்க்கும் உலையும் இருந்தது. அந்தக் காலத்துத் தொழில்நுட்ப அகாடமி என்றே சொல்வேன், கொஞ்சம் ஊர்ப் பெருமை கலந்துதான். 1777இல் இறந்த அவரை அந்தக் கோட்டைக்குள்ளேயே அடக்கம் செய்தார்கள். கல்லறைக் கல்லில் லத்தீனும் தமிழும் இருக்கின்றன.

மொழிக்காக மாநிலம் மாறியவர்கள் நாங்கள். 1954 ஆகஸ்ட் 11 அன்று புதுக்கடையிலும் தொடுவெட்டியிலும் போலீஸ் சுட்டு ஆட்கள் செத்தார்கள். 1956 நவம்பர் 1 அன்று இந்த மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. போராட்டத்தை நடத்திய நேசமணிக்கு மக்கள் கொடுத்த பட்டம் 'மார்ஷல்'. அவர் எந்தப் படையிலும் இருந்தவரல்ல, வக்கீல். 2011 கணக்கெடுப்பில் 91.75 விழுக்காடு எழுத்தறிவோடு தமிழ்நாட்டிலேயே முதலிடத்தில் இருந்த மாவட்டம் இது. இத்தனை படிப்பும் இத்தனை பட்டாளப் பழக்கமும் உள்ள ஊரிலிருந்து கடக்வாஸ்லாவுக்குப் போகிறவர்களை விரல் விட்டு எண்ணலாம் என்றால் எங்கோ அடைப்பு இருக்கிறது.

சட்டம் பற்றி அதிகம் பேச எனக்குத் தகுதி இல்லை. ஆனால் 1967 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றி 1968 ஜனவரியில் வெளியான ஆட்சிமொழித் தீர்மானம், அகில இந்தியப் பணிகளுக்கும் உயர்நிலை மத்தியப் பணிகளுக்குமான தேர்வுகளில் எட்டாவது அட்டவணை மொழிகள் எல்லாவற்றையும் ஆங்கிலத்தோடு மாற்று ஊடகமாக அனுமதிக்க வேண்டும் என்கிறது. அதற்குத் தேர்வாணையத்தின் கருத்தைக் கேட்கவும் சொல்கிறது. என்.டி.ஏ. அந்தச் சொற்களுக்குள் அடங்குமா என்று வக்கீல்கள் வாதாடட்டும். தீர்மானத்தின் மனசு எந்தப் பக்கம் என்பதில் சந்தேகம் இல்லை.

ஒரு கவலை எனக்கே உண்டு. மொழிபெயர்ப்பு மோசமாக இருந்தால் இல்லாததைவிடக் கேடு. 2018 நீட் தேர்வின் தமிழ்த் தாளில் 49 வினாக்களில் பிழை இருந்தது என்று வழக்கு வந்தது. 196 மதிப்பெண் கருணையாகக் கொடுக்கச் சொன்னது உயர் நீதிமன்ற மதுரைக் கிளை. பிறகு உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. இடையில் அலைந்தது பிள்ளைகள். ஆகவே கோரிக்கையோடு ஒரு நிபந்தனையும் வைக்கிறேன். ஆங்கிலமும் தமிழும் ஒரே பக்கத்தில் எதிரெதிரே அச்சாகட்டும். கலைச்சொற்கள் தமிழ்நாடு பாடநூல் கழகப் புத்தகத்தில் உள்ளபடியே இருக்கட்டும். மொழிபெயர்த்ததைப் பிளஸ் டூவுக்குக் கணக்கு நடத்தும் தமிழ்வழி ஆசிரியர் ஒருவர் பேனா பிடித்துப் போட்டுப் பார்த்த பிறகே அச்சுக்குப் போகட்டும். அகராதியை மட்டும் வைத்து யாரும் இதைச் செய்ய வேண்டாம்.

மற்ற மொழிக்காரர்களும் கேட்பார்களே என்றால், கேட்கட்டும். பக்கத்து நெய்யாற்றின்கரைப் பையனுக்கு மலையாளத்தில் கிடைத்தால் எனக்குச் சந்தோஷம்தான். ஆங்கிலம், இந்தி தவிர இன்னும் 13 மொழிகளில் காவலர் தேர்வு நடத்த முடிந்த நாட்டுக்கு, வருடம் இரண்டு முறை நடக்கும் ஒரு தாளை அப்படி நடத்துவது மலையைப் புரட்டும் வேலை அல்ல.

எங்கள் மாவட்டத்துத் தலைமையாசிரியர்களுக்கும் முன்னாள் படைவீரர் சங்கங்களுக்கும் இதிலேயே ஒன்று சொல்லிக்கொள்கிறேன். யு.பி.எஸ்.சி. மாறும் வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. பதினாறரை வயதிலிருந்து பத்தொன்பதரை வயது வரைதான் இந்தக் கதவு திறந்திருக்கும்; பிளஸ் டூ ரிசல்ட் வந்த பிறகு சொன்னால் பாதிக் காலம் போய்விட்டிருக்கும். பிளஸ் ஒன் சேர்ந்த முதல் மாதத்திலேயே கணினி அறிவியல் குரூப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். கணக்கு, இயற்பியல், வேதியியல் உள்ள குரூப் என்பதால் மூன்று படைக்கும் அவர்கள் விண்ணப்பிக்கலாம். வாரத்தில் ஒரு நாள் ஆங்கில வினாத்தாளைத் தமிழ் விளக்கத்தோடு வாசிக்கப் பழக்குங்கள். எழுத்துத் தேர்வுக்கு 900 மதிப்பெண் என்றால், பிறகு வரும் எஸ்.எஸ்.பி. (படை அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் வாரியம்) நேர்காணலுக்கும் 900 உண்டு. அங்கே நாலு பேர் நடுவே வாயைத் திறந்து பேச வேண்டும். சங்கக் கூட்டங்களில் பென்ஷன் பேச்சு முடிந்த பிறகு ஒரு அரை மணி நேரம் இந்தப் பிள்ளைகளை உட்கார வைத்துப் பேசவிடுங்கள். செலவு ஒரு டீ.

மீண்டும் ஆணையத்துக்கு. தாங்கள் இணையத்தில் வெளியிட்டிருக்கும் பழைய கணக்குத் தாள்களில் சிலவற்றை நாங்களே தமிழில் பெயர்த்து வைத்திருக்கிறோம். அரசுப் பள்ளி முதுகலை ஆசிரியர்கள் இரண்டு பேர் தங்கள் சொந்த நேரத்தில் சரிபார்த்துத் தந்தார்கள். பிள்ளைகளில் கணினி வகுப்பு படிக்கிறவர்கள் தட்டச்சு செய்தார்கள்; சமன்பாடுகளைச் சரியாக வரவைக்கத்தான் பாடுபட்டார்கள். மாதிரி வேண்டுமென்றால் ஒரு வரி போதும், கோப்பை அனுப்பி வைக்கிறேன். ஏப்ரல் தேர்வுக்கான அறிவிக்கை வழக்கமாக டிசம்பரில் வருகிறது. அதற்குள் முடியாவிட்டால், செப்டம்பர் தேர்வுக்காக மே மாதம் வரும் அறிவிக்கையிலாவது மொழி பற்றிய அந்தப் பத்தியில் தமிழைச் சேருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற சுபேதார், ராணுவ சிக்னல்ஸ் பிரிவு,
கல்குளம் வட்டம், கன்னியாகுமரி மாவட்டம்.